200 எம்பிபிஎஸ் பிளான், ஸ்பீட் டெஸ்ட் 94-லேயே நிற்கிறது: கோளாறு எங்கே?

மொட்டைமாடி:
ஃபைபர் இணைப்பு, 200 எம்பிபிஎஸ் பிளான். ஃபைபரை லேன் கேபிளுக்கு மாற்றித் தர ஆபரேட்டர் கொடுத்த ஓஎன்டி பெட்டி கீழே ஹாலில். அதிலிருந்து சுமார் 18 மீட்டர் லேன் கேபிள் மாடிக்கு ஏறி என் ரூட்டருக்கு வருகிறது. ரூட்டர் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6. டவுன்லோட் 94, அப்லோட் 94. விடிகாலையிலும் அதே, ராத்திரி பத்து மணிக்கும் அதே. லேப்டாப்பை ரூட்டரில் வயர் போட்டுப் பார்த்தாலும் அதே. கஸ்டமர் கேரில் "எங்க பக்கம் 200 போகுது சார்" என்கிறார்கள். ரூட்டரை ரீசெட் செய்தாயிற்று, ஃபர்ம்வேரும் போட்டாயிற்று. வேறு எங்கே பார்ப்பது?

நெட்டுக்குத்து:
டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்க ப்ரோ. இல்லாவிட்டால் வைஃபை சேனலை மாற்றுங்க.

எட்டுக்கம்பி:
இரண்டும் இதற்கு உதவாது. டிஎன்எஸ் பெயரைக் கேட்டு ஐபி முகவரி சொல்வதோடு சரி. அது மந்தமானால் பக்கம் திறக்கத் தாமதமாகும், டவுன்லோட் வேகத்துக்கு உச்சவரம்பு விழாது. வைஃபையும் இல்லை, வயரிலும் 94 என்கிறாரே.

அந்த 94-ஐப் பாருங்கள், விடை அதிலேயே இருக்கிறது. லைனில் நெரிசல் என்றால் எண் ஏறி இறங்கும். இங்கே எந்த நேரமும் ஒரே எண். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் 1500 பைட் பாக்கெட் ஒன்று கம்பியில் போகும்போது தலைப்பு, இடைவெளி எல்லாம் சேர்ந்து 1538 பைட் இடம் பிடிக்கிறது. அதற்குள் நமக்கு வந்து சேரும் சரக்கு 1448 முதல் 1460 பைட். கணக்குப் போட்டால் 94 சொச்சம். ஆக ஓஎன்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் எங்கோ ஒரு இணைப்பு ஜிகாபிட்டில் (1000 எம்பிபிஎஸ்) ஏறாமல் 100-க்கு இறங்கி நிற்கிறது.

சி6-இல் எல்லா போர்ட்டும் ஜிகாபிட், அதை விட்டுவிடலாம். பாக்கி ஓஎன்டி போர்ட், 18 மீட்டர் கேபிள், லேப்டாப். ஓஎன்டியில் எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது?

மொட்டைமாடி:
லேன்2. லேன்1-இல் டிவி பெட்டி இருக்கிறது. நீங்கள் கேட்டதும் மாற்றிப் பார்த்தேன், லேன்1-இலும் 94 தான். அதனால் போர்ட் காரணமில்லை என்று பழையபடி லேன்2-க்கே மாற்றிவிட்டேன்.

எட்டுக்கம்பி:
அங்கேதான் தப்பு. மலிவான ஓஎன்டிகளில் நாலு ஓட்டை இருந்தாலும் லேன்1 மட்டும் ஜிகாபிட், மற்ற மூன்றும் 100 என்று வருவது சகஜம். அடியில் உள்ள ஸ்டிக்கரில் "1ஜிஇ + 3எஃப்இ" (ஒன்று ஜிகாபிட், மூன்று 100) என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்து, கேபிளிலும் கோளாறு இருந்தால், ஒன்றை மட்டும் சரிசெய்தால் எண் அசையாது. இரண்டு வால்வில் ஒன்றைத் திறந்துவிட்டு "தண்ணி வரலை, வால்வு காரணமில்லை" என்று திரும்ப மூடுவது போல. பலன் தெரியாவிட்டாலும் லேன்1-லேயே விட்டுவைத்து அடுத்ததைப் பாருங்கள்.

இப்போது லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய், ரூட்டருடன் பெட்டியில் வந்த குட்டை கேபிளால் நேராக லேன்1-இல் செருகுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீட் காட்டும். ஸ்பீட் டெஸ்ட்டுக்கு முன்னால் அதைப் பாருங்கள். ஓஎன்டி பிரிட்ஜ் மோடில் (இணைய லாகினை உங்கள் ரூட்டரே செய்யும் முறை) இருந்தால் லேப்டாப்புக்கு நெட் வராது, ஆனால் லிங்க் ஸ்பீட் அப்போதும் தெரியும்.

மொட்டைமாடி:
ஸ்டிக்கரில் 1ஜிஇ + 3எஃப்இ தான். குட்டை கேபிள், லேன்1: லிங்க் 1000/1000, டெஸ்ட் 206. அதே கேபிள் லேன்2: 100/100, டெஸ்ட் 94. மாடிக்குப் போகும் நீளக் கேபிளின் மேல் முனையில் லேப்டாப்பைச் செருகி, கீழ் முனை லேன்1: 100/100.

அந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி கனெக்டருக்குள் ஆறு கம்பிதான் தெரிகிறது. பிரவுன், வெள்ளை-பிரவுன் இரண்டும் உள்ளே வராமல் உறைக்கு வெளியே பின்னால் மடிந்து டேப்புக்குள் கிடக்கிறது. கீழ் முனையிலும் அப்படியே.

எட்டுக்கம்பி:
அகப்பட்டது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நாலு பின் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், நாலு ஜோடியிலும் ஒரே நேரத்தில் சிக்னல் போகும். 7, 8 இல்லையென்றால் பெரும்பாலும் இரு பக்கமும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். லைட் எரியும், நெட் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. 50 எம்பிபிஎஸ் பிளான் ஓடிய காலத்தில் வேலையை முடித்தவர் அவசரத்தில் விட்டிருப்பார்.

இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள், அதாவது புது கனெக்டரை வைத்து அழுத்திப் பொருத்துங்கள். உறையை ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் உரித்து, டி568பி என்ற நிற வரிசையில் கம்பிகளை அடுக்குங்கள். கிளிப்பைக் கீழ்ப்பக்கம் வைத்துப் பிடித்தால் இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டி 3-லும் 6-லும் உட்காருவதைக் கவனியுங்கள். நிறம் நிறமாக அடுத்தடுத்து வைத்து இரு முனையிலும் ஒரே மாதிரி கிரிம்ப் செய்தால் கேபிள் டெஸ்டரில் எட்டு லைட்டும் எரியும். ஆனால் 3-ம் 6-ம் வேறு வேறு ஜோடியில் விழுந்து ஒன்றின் சிக்னல் இன்னொன்றில் கலக்கும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கவே நாள் போய்விடும்.

முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். கம்பி நுனிகளை ஒரே வெட்டில் நறுக்கி, எட்டும் கனெக்டரின் முன்சுவரை முட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் கிரிம்பிங் டூலை அழுத்த வேண்டும். வெளி உறையும் கனெக்டருக்குள் போயிருக்க வேண்டும், அதைத்தான் அந்தச் சின்ன ஆப்பு கடித்துப் பிடிக்கும்.

மொட்டைமாடி:
இரண்டு முனையும் போட்டேன். டெஸ்டரில் 7 மட்டும் எரியவில்லை. பழைய கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம், செம்பு மேலே மட்டும்.

எட்டுக்கம்பி:
அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், சிசிஏ என்று கடையில் சொல்வார்கள். இரண்டு தடவை மடக்கினாலே ஒடியும். மடிந்து கிடந்த இடத்தில் வெள்ளை-பிரவுன் உள்ளுக்குள் ஒடிந்திருக்கலாம். மடிப்பு இருந்த இடத்தைத் தாண்டி அரை அடி வெட்டித் தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள். அப்போதும் எரியாவிட்டால் சுவருக்குள் எங்கோ போய்விட்டது. முழுச் செம்பு கேட் 5இ அல்லது கேட் 6 இழுப்பதுதான் வழி. 18 மீட்டருக்கு கேட் 5இ-யே தாராளம், ஜிகாபிட் 100 மீட்டர் வரை ஓடும்.

கோடைக்காத்து:
இடையில் ஒரு கேள்வி. என்னிடம் ஆர்ச்சர் சி20, 150 பிளான், அதே 94. நானும் கிரிம்ப் செய்ய வேண்டுமா?

எட்டுக்கம்பி:
வேண்டாம். சி20-இன் போர்ட்டுகளே 100 தான். பெட்டியில் இருக்கும் ஏசி750 என்பது வைஃபையின் 300-ஐயும் 433-ஐயும் கூட்டி, வரும் 733-ஐ 750 என்று உயர்த்திப் போட்ட எண், போர்ட்டின் வேகமில்லை. ரூட்டரை மாற்றுங்கள், அல்லது 100 பிளானுக்கு இறங்கிப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். இனி வாங்கும்போது "ஜிகாபிட் வேன் போர்ட்" (வேன் என்பது ரூட்டருக்குள் நெட் வரும் போர்ட்) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், ஆன்டெனாவை எண்ணாதீர்கள்.

மொட்டைமாடி:
கீழ் முனையில் அரை அடி வெட்டிப் போட்டதும் எட்டும் எரிந்தது. லேன்1-இல் செருகினேன், லிங்க் 1000/1000, மாடியில் ரூட்டர் வழியாக வயரில் 204. டிவி பெட்டியை லேன்2-க்கு மாற்றிவிட்டேன், பரவாயில்லையா?

எட்டுக்கம்பி:
4கே படத்துக்கே 25 எம்பிபிஎஸ் போதும், டிவிக்கு 100 போர்ட் தாராளம். லேன்1-க்குப் போகும் கேபிளில் சிவப்பு டேப் ஒரு சுற்று சுற்றி, "மாடி, லேன்1 மட்டும்" என்று எழுதி வையுங்கள். அடுத்த தடவை ஃபைபர் பார்க்க வருபவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கைக்கு வந்த ஓட்டையில் செருகிவிட்டுப் போவார்.