வள்ளத்தை ட்ரெயிலரில் இழுக்கும்போது என்ஜினுக்கும் பின்பலகைக்கும் என்ன பாதுகாப்பு?

ஏஜாக்ஸ் தூண்டில்:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வசந்தத்தில் ஒரு பழைய 16 அடி அலுமினிய வள்ளம் வாங்கினேன். 40 குதிரைவலு, நாலு ஸ்ட்ரோக் என்ஜின், பட்டனை அமத்தினால் தூக்கும் வகை. ஒற்றை அச்சு ட்ரெயிலர். 401 நெடுஞ்சாலை வழியாக ட்ரென்டன் வரை போய் பே ஆஃப் குவின்டியில் வால்ஐ மீன் பிடிப்பதுதான் நோக்கம். கோடையில் பொப்கேஜன் பக்கம் கொட்டேஜுக்கும் கொண்டுபோவோம். அங்கே கடைசித் துண்டு முழுக்கக் கிறவல் ரோடு.

விற்றவர், என்ஜினை முழுவதும் தூக்கி, பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரைத் தட்டிவிட்டால் போதும் என்றார். அப்படித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியில் பாலங்களின் மூட்டுகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் கண்ணாடியில் என்ஜின் மேலும் கீழும் ஆடுவது தெரிந்தது. அதோடு அது மாட்டியிருக்கும் பின்பலகையும், அதுதான் ட்ரான்சம், லேசாக அசைவது போலப் பட்டது.

கடையில் கேட்டால் ட்ரான்சம் சேவர் என்று ஒரு கம்பியைக் காட்டுகிறார்கள். ஒரு நண்பர் அது தேவையில்லை, அதுவே என்ஜினை இடிக்கும் என்கிறார். உண்மையில் எது சரி? பின்பலகை நல்ல நிலையில் இருக்கிறதா என்று நானே பார்க்க வழி உண்டா?

நெய்தல்:

தம்பி, முதலில் என்ஜினை நேராக இறக்கிவிட்டு, அடியில் செட்டை போல நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டுக்கும் நிலத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஓரடி அளவில் இருந்தால் நேராக விட்டே இழுக்கலாம். நான் மிசிசாகாவிலிருந்து சிம்கோ ஏரிக்கு அப்படித்தான் போகிறேன். கம்பி ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு எல்லாமே தார் ரோடு.

குருநகர் மணல்:

நெய்தல் சொன்னதுதான் முதல் விதி. யமஹா, மெர்க்குரி இரண்டின் கையேடுகளும் அதையே சொல்கின்றன: இடைவெளி போதுமென்றால் ஓடும் நிலையில் நேராக வைத்து இழு, போதாவிட்டால் தூக்கி, தனியாக ஒரு தாங்கி கொடு. தம்பிக்கு விற்றவர் காட்டிய லீவரை ரோட்டில் நம்ப வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறது. அது நின்ற இடத்தில் என்ஜினைத் தூக்கிப் பிடிக்க மட்டும் உள்ளது. துறையில் கட்டிவைக்கும்போது, ப்ரொபெல்லர் மாற்றும்போது பயன்படுத்தலாம். குழியில் விழுந்து குலுங்கினால் அது கழன்று என்ஜின் தடாலென்று கீழே வரலாம். பட்டனை அமத்தினால் என்ஜினைத் தூக்கும் எண்ணெய் அழுத்தத் தண்டு, அதுதான் ஹைட்ராலிக், அது மட்டும் பிடித்துக்கொள்ளும் என்று விடுவதும் சரியில்லை. ஒவ்வொரு குலுக்கலும் எண்ணெய் கசியாமல் அடைக்கும் அதன் சீல்களில்தான் போய் இறங்கும்.

நான் இங்கே ஒரு மெரினாவில் வேலை செய்கிறேன். என்னிடம் வரும் வள்ளங்களில் தண்ணீரில் அடிபட்டவை குறைவு. ரோட்டில் அடிபட்டவைதான் கூட. இந்த விஷயத்தை யாரும் சின்னதாக எடுக்கக்கூடாது என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

உங்கள் 40 குதிரைவலு என்ஜின் ஏறத்தாழ 100 கிலோ. நேராக நிற்கும்போது அந்தப் பாரம் பலகைக்குக் கிட்ட இருக்கிறது. தூக்கிச் சாய்த்தவுடன் அதே பாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. எடை கூடவில்லை, ஆனால் பலகையின் மேல்விளிம்பைப் பின்னுக்கு இழுக்கும் விசை கூடிவிட்டது. வள்ளம் தண்ணீரில் போகும்போது என்ஜின் பலகையை முன்னுக்குத் தள்ளும். அதற்குத்தான் பலகையைக் கட்டியிருக்கிறார்கள். கிறவல் ரோட்டில் மணிக்கணக்காக மேலும் கீழும் உலுக்குவது வேறு வேலை. அலுமினிய வள்ளத்தில் அந்த உலுக்கல் முதலில் போய்ச் சேரும் இடம் பலகையின் இரண்டு மேல்மூலைகளும், பக்கத் தகட்டோடு சேரும் ரிவெட்டுகளும்தான். மயிர்க்கோடு போல வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

ஆக, கொட்டேஜ் ரோட்டுக்கு என்ஜினைத் தூக்கித்தான் ஆக வேண்டும், கம்பியும் வேண்டும். அதன் ஒரு முனை ட்ரெயிலரின் பின் குறுக்குச் சட்டத்தில் அல்லது கடைசி உருளையில் பொருந்தும். மற்ற முனையில் ரப்பர் போட்ட V வடிவக் கவை, அது என்ஜினின் கீழ்ப்பகுதியைத் தாங்கும். என்ஜினைத் தேவைக்கு மேல் கொஞ்சம் தூக்கி, கம்பியை மாட்டி, பட்டனை அமத்தி மெதுவாக இறக்குங்கள். கவையில் நன்றாக இருந்ததும் விட்டுவிட வேண்டும். தூக்கி இறக்கும் மோட்டார் முனகும்வரை அமத்தக்கூடாது. பிறகு ரப்பர் பட்டியைச் சுற்றி மாட்டுங்கள். இப்போது கையால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டிலும் ஆடக்கூடாது.

உங்கள் நண்பர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கம்பியின் ஒரு முனை ட்ரெயிலரில், மற்ற முனை வள்ளத்தோடு சேர்ந்த என்ஜினில். ட்ரெயிலர் ஒருபக்கமும் வள்ளம் ஒருபக்கமும் துள்ளினால், ட்ரெயிலரின் அடி முழுவதும் கம்பி வழியாக என்ஜினுக்கும் அங்கிருந்து பலகைக்கும் போகும். அதனால் கம்பி போடுகிறவர் வள்ளத்தின் பின்பக்கத்தை ட்ரெயிலரோடு இறுக்கிக் கட்டியே ஆக வேண்டும். முன்னால் வள்ளத்தை ட்ரெயிலரில் இழுத்து ஏற்றும் வின்ச்சின் பட்டியை மட்டும் கொளுவிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். பின்பலகையின் கீழ்ப்பக்கம் இரண்டு U வளையங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ராட்செட் பட்டி, கூடியவரை நேர் கீழே ட்ரெயிலர் சட்டத்துக்கு. வள்ளம் அதன் அடியைத் தாங்கும் ட்ரெயிலரின் நீளப் பலகைகளில், அதுதான் பங்க் பலகைகளில், அமர்ந்து அசையாமல் நின்றால் போதும், தகடு வளையும்வரை இறுக்கத் தேவையில்லை. பட்டியில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் அதிர்ந்து சத்தம் போடாது. வீட்டிலிருந்து கிளம்பிய கொஞ்சத் தூரத்தில் ஓரம் கட்டி, மீண்டும் ஒருக்கால் இறுக்குங்கள். பங்க்கில் சுற்றியிருக்கும் கம்பளம் அமுங்குவதால் பட்டி எப்படியும் தளரும்.

இன்னொரு வகைத் தாங்கி, ஹைட்ராலிக் தண்டில் மாட்டும் கட்டை. அது ட்ரெயிலரைத் தொடாது. என்ஜின் கடகடவென்று ஆடாது, சீலுக்கும் நல்லது. ஆனால் பாரம் முழுவதும் பலகையிலேயே நிற்கும். தார் ரோட்டுக்குப் போதும், உங்கள் கிறவல் ரோட்டுக்கு நான் கம்பிதான் சொல்வேன்.

இனிப் பலகையைச் சோதிப்பது. என்ஜினைப் பாதி தூக்கி, என்ஜினின் அடியில் உள்ள அந்தச் செட்டைத் தகட்டைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பக்கத்தில் ஒருவர் பலகையின் மேல்விளிம்பையும் மூலைகளையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்ஜின் கொஞ்சம் ஆடலாம், பலகை ஆடக்கூடாது. அடுத்து, வள்ளத்துக்குள் போய் என்ஜின் போல்ட்டுகளின் வாசர்களைப் பாருங்கள். அவை மரத்துக்குள் புதைந்திருந்தால் உள்ளே பிளைவுட் மெத்தென்று ஆகிவிட்டது என்று அர்த்தம். அலுமினிய வள்ளமென்றாலும் பின்பலகைக்குள் பெரும்பாலும் மரம்தான் இருக்கும். தண்ணீர் போல்ட்டு ஓட்டை வழியாகத்தான் இறங்கும். சுத்தியல் பிடியால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல மரம் டக்கென்று சொல்லும், ஊறிய மரம் பொத்தென்று சொல்லும். சந்தேகம் என்றால் மீன் காட்டும் கருவி பூட்டிய சின்ன ஆணி ஒன்றைக் கழற்றுங்கள். புரியில் கறுத்த ஈரத்தூள் ஒட்டி வந்தால் வேலை இருக்கிறது.

மாற்ற வேண்டி வந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: கடையில் பச்சைச் சாயலோடு இருக்கும், மருந்தேற்றிய பிளைவுட் அலுமினியத்துக்கு ஆகாது. அந்த மருந்தில் உள்ள செம்பு தகட்டை அரிக்கும். மரீன் பிளைவுட் வாங்கி, எல்லா விளிம்பும் எபொக்சி பூசிப் போடுங்கள். ஓட்டைகளுக்கு வள்ளத்துக்கென்று உள்ள சீலண்ட். குளியலறைச் சிலிக்கோன் வேண்டாம்.

ஊரில் அப்பாமார் வள்ளத்தைக் கரை இழுத்ததும் என்ஜினைக் கழற்றித் தோளில் காவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பின்பலகைக்கு அதைவிட நல்ல ஓய்வு கிடையாது. 100 கிலோ என்ஜினை அப்படிச் செய்ய முடியாது என்பதால்தான் இத்தனை ஏற்பாடும்.

காவர்த்தா அக்கா:

எங்களுடையது 14 அடி, 9.9 குதிரைவலு. கையால் பிடித்துத் திருப்பும் டில்லர். அதற்கு என் முறை ஊர் முறைதான்: கழற்றி வானுக்குள் ஏற்றிவிடுவேன். 40 கிலோ அளவுதான், இரண்டு பேர் தூக்கலாம். சின்ன என்ஜின் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, நாலு ஸ்ட்ரோக்கைப் படுக்கவைக்கும் பக்கம். எந்தப் பக்கம் என்று கையேட்டிலும், பெரும்பாலும் என்ஜினிலேயே ஒட்டியும் இருக்கும். மாறிப் படுத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும். படுக்கவைப்பதற்கு முன் நேராக நிறுத்தித் தண்ணீரை முழுவதும் வடியவிடுங்கள்.

கழற்றாமல் இழுப்பதென்றால் என்ஜினைப் பின்பலகையில் பிடிக்கும் திருகுப் பிடிகளை நிற்கும் இடத்தில் எல்லாம் கையால் இறுக்கிப் பார்க்க வேண்டும். டில்லர் என்ஜின் வளைவுகளில் தானாகத் திரும்பும், அதைக் கயிறு போட்டு அசையாமல் கட்டுங்கள்.

தம்பிக்கு இன்னொன்று. 2022 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் வள்ளத்தை ரோட்டில் கொண்டுபோகும் முன் தண்ணீர் வெளியேறும் அடைப்பான்களைக் கழற்றிவிட வேண்டும், பாசி செடி எல்லாம் நீக்க வேண்டும் என்று சட்டம். சீப்ரா சிப்பி ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் இருக்கத்தான். துறையில் வள்ளத்தை ஏற்றியதும், அடைப்பானைக் கழற்றி, என்ஜினை நேராக இறக்கி வடியவிட்டு, பிறகுதான் கம்பியைப் போடுங்கள். குவின்டிக்கு நவம்பரில் போகிற ஆட்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். உள்ளே தண்ணீர் நின்று உறைந்தால் உடைக்கும்.

ஏஜாக்ஸ் தூண்டில்:

மணல் அண்ணை, அக்கா, நெய்தல் அண்ணை, மூவருக்கும் பெரிய நன்றி. நேற்றுப் பின்னேரம் மனைவியைப் பார்க்கச் சொல்லிவிட்டு அசைத்துப் பார்த்தேன். மேல்விளிம்பு அசையவில்லை, வாசர்களும் புதையவில்லை. தட்டினால் எல்லா இடமும் ஒரே சத்தம். நேராக இறக்கினால் இடைவெளி ஓரடிக்கு நன்றாகக் குறைவு, வீட்டு வாசல் சரிவில் இறங்கும்போது இன்னும் குறைகிறது. ஆகவே கம்பி வாங்கப்போகிறேன்.

ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. பங்க் பலகைகள் பின்பலகை வரை வரவில்லை. ஒரு கை அகலம் முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. அது பரவாயில்லையா?

குருநகர் மணல்:

பரவாயில்லை என்று விடாதீர்கள். என்ஜின் பாரம் விழும் இடத்துக்குக் கீழே தாங்கல் இல்லை என்றால், வள்ளத்தின் அடித்தகடு பங்க் முடியும் இடத்தில் மடிந்து வளையத் தொடங்கும். வளைந்த அடி தண்ணீரிலும் ஒழுங்காக ஓடாது. கம்பியும் பட்டியும் போட்டால்கூட இது தீராது.

வின்ச் நிற்கும் தூணை முன்னுக்கு நகர்த்த இடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வள்ளம் முழுவதையும் அந்த ஒரு கை அகலம் முன்னுக்கு எடுக்கலாம். அப்படிச் செய்தால் ட்ரெயிலரை இழுக்கும் வாகனத்தின் கொக்கியில் விழும் பாரம் கூடும். மொத்த எடையில் 10 சதவீதம் அளவு இருந்தால் நல்லது. ட்ரெயிலர் மூக்கைக் குளியலறைத் தராசில் கட்டை வைத்து நிறுத்தே பார்க்கலாம். உங்கள் வாகனத்துக்கும் கொக்கிக்கும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாரம் மிஞ்சினால் தூணைத் தொடாமல் பங்க் பலகையை நீளமானதாக மாற்றுங்கள். அதே அகலம், அதே தடிப்பு, ஒரே துண்டு. பழையதோடு ஒட்டுப்போட வேண்டாம். கம்பளம் அடிக்கும்போது துருப்பிடிக்காத ஆணி, அதுவும் பக்கவாட்டில் மட்டும். மேலே அடித்தால் தகட்டைக் கீறும்.

இதை முடித்துவிட்டுக் கம்பி வாங்குங்கள். வள்ளம் முன்னுக்கு நகர்ந்தால் கம்பிக்கு வேண்டிய நீளமும் மாறும்.