எக்கனாமைசருக்கு 316எல் குழாய்: தீர்வா, வீண் செலவா?

உலைமுகம்:
ஃபர்னஸ் ஆயில் கொதிகலனில் எக்கனாமைசரின் (வெளியேறும் புகையின் வெப்பத்தால் கொதிகலனுக்குப் போகும் ஊட்டுநீரைச் சூடாக்கும் பகுதி) கார்பன் எஃகுக் குழாய்கள் பொத்தலானதால் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டோம். அடுத்த ஆய்விலேயே, நீர் நுழையும் பக்கத்து வரிசை மெலிந்து சொரசொரப்பாக இருந்தது. புகை 180 டிகிரியில் வெளியேறுகிறது; ஊட்டுநீர் 85 டிகிரி. ஹாஸ்டெல்லாய் சி-276 என்ற நிக்கல் கலப்புலோகக் குழாய் வாங்கும்படி நிர்வாகத்தைக் கேட்கப் போகிறேன். மறுப்பு உண்டா?

நெருப்புக்கல்:
உண்டு, கடுமையாகவே உண்டு. புகையின் சூட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். குழாய்ச் சுவரின் சூடு உள்ளே ஓடும் நீரைத்தான் ஒட்டி நிற்கும். அந்த வரிசையில் 100 டிகிரி இருந்தாலே அதிகம். புகையிலுள்ள கந்தக அமில ஆவி திரவமாகப் படியத் தொடங்கும் சூடு, அதாவது பனிநிலையோ, 120 முதல் 150 டிகிரி. சுவரில் ஏறத்தாழ 70 சதவீதச் செறிவுள்ள சூடான அமிலம் வியர்க்கிறது. 316எல்லைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் அதற்கு ஈடுகொடுக்காது. நீரைச் சூடாக்கி உள்ளே விடுங்கள்.

தகட்டுப்பட்டறை:
எண்ணெய்ச் செலவை யார் கொடுப்பது? புகையின் வெப்பம் 22 டிகிரி குறைந்தால் கொதிகலனின் திறன் ஏறத்தாழ 1 சதவீதம் கூடும் என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. நீர் சூடாக நுழைந்தால் அந்த வெப்பம் புகைபோக்கி வழியே போய்விடும். சி-276இல் பாதிக்கு மேல் நிக்கல், 16 சதவீதம் மோலிப்டினம். ஒருமுறை வாங்கிப் போட்டால் பல ஆண்டுகள் நிம்மதி.

நெருப்புக்கல்:
அந்தச் செறிவில், அந்தச் சூட்டில் சி-276உம் மெல்ல மெல்லக் கரையும் ஐயா. அமிலம் எங்கிருந்து பிறக்கிறது என்று பாருங்கள். ஃபர்னஸ் ஆயிலில் கந்தகம் 3, 4 சதவீதம் வரை வரும். அதிலுள்ள வனேடியம், கந்தக டை ஆக்சைடு டிரை ஆக்சைடாக மாறுவதைத் துரிதப்படுத்துகிறது; அது புகையின் ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. அந்த மாற்றத்துக்கு வேண்டிய ஆக்சிஜனை அளவுக்கு மீறிய காற்றாக நாமே ஊதித் தருகிறோம். காற்றைக் குறைத்தால் அமிலமும் குறையும், புகையோடு போகும் வெப்பமும் குறையும். உங்கள் எண்ணெய்க் கணக்குக்கும் அதுவே பதில்.

பழையவால்வு:
இடையில் ஒன்று. கொதிகலனை நிறுத்தியதும் குழாய்மேல் இருக்கும் படிவு ஈரத்தை உறிஞ்சி அமிலமாகிறது. சோடா கரைத்த நல்ல நீரில் கழுவுங்கள். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். குளோரைடு தங்கி, 60 டிகிரிக்கு மேல் 316எல்லில் விரிசல் விழ வழி செய்யும்.

தகட்டுப்பட்டறை:
காற்றைக் குறைத்தால் கரி படியும். பழைய பர்னரில் காற்றைக் குறைக்கும் வேலை நடக்காது.

நெருப்புக்கல்:
அப்படியானால் பர்னர் முனையை மாற்றுங்கள், எண்ணெயை முறையாகச் சூடாக்குங்கள். சி-276 குழாய்களின் விலைக்கு முன்னால் அது சிறு தொகை. புகையில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று முதலில் அளந்து இங்கே எழுதுங்கள், உலைமுகம். அதற்கு முன் கொள்முதல் கடிதம் போக வேண்டாம்.