புதுப்பிப்பு: ‘புரூக்ளின் பாய்’ முதலில் மேடையேறிய இடம்

அமெரிக்க நாடகாசிரியர் டொனால்ட் மார்குலிஸின் ‘புரூக்ளின் பாய்’ நாடகம் நியூயார்க்கின் பெரிய அரங்குகள் கொண்ட பிராட்வேயில் தொடங்கியது என்று சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தேன், அது தவறு. கலிஃபோர்னியாவின் கோஸ்டா மெசா நகரிலுள்ள வட்டார அரங்கான சவுத் கோஸ்ட் ரெபர்டரியில் 2004இல் அரங்கேறிய பிறகே, 2005இல் அது நியூயார்க்கை எட்டியது.

நாடகத்தில் வரும் ஊர் திரும்புதல் பற்றி அன்று போகிறபோக்கில் சொன்னதையும் சற்று விரிக்கிறேன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்து வெளியேறிய எழுத்தாளன் எரிக், தன் நாவல் விற்பனைப் பட்டியலில் 11ஆம் இடம் பிடித்த பெருமையோடு மருத்துவமனைக்கு வர, நோயில் கிடக்கும் தகப்பனாருக்கோ அந்த 11 ஒரு பொருட்டாகவே படவில்லை (சிரித்துக்கொண்டே வாசித்தாலும் சுருக்கென்று தைக்கும் இடம்). நாடகத்தின் கனம் முழுவதும், என் கணிப்பில், காடிஷ் என்னும் யூதப் பிரார்த்தனை வரும் காட்சியில்தான் இருக்கிறது: இறந்தவர்களுக்காகச் சொல்லப்பட்டாலும் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத, பெரும்பாலும் அரமேய மொழியிலான அந்தப் பிரார்த்தனையை, இறந்துபோன தகப்பனாருக்காகச் சொல்லும்படி, புரூக்ளினிலேயே தங்கிவிட்ட பால்ய நண்பன், யூத மரபை விட்டு விலகிப்போன எரிக்கை வற்புறுத்துகிறான்.