நெயில் ஆர்ட் = நகக்கோலம்? (கூடவே ஒரு ஏரி யாளி)

வணக்கம்.

ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் 'மான்ஸ்டர்' என்ற மிருகத்தை நகத்தில் வரையும் செய்முறையைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். அடிப்பூச்சு, மேற்பூச்சு எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. முனை உருண்ட கம்பிக்குப் புள்ளிக்கோல் என்று வைத்துக்கொண்டேன். மாட்டிக்கொண்டது தலைப்பில்தான்: நெயில் ஆர்ட், லேக் மான்ஸ்டர்.

நகத்தை அலங்கரிக்கும் நெயில் ஆர்ட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் முன்பே வந்த பரிந்துரைகளில் 'நகக்கலை' ஒரு துறைக்குப் பெயராக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விரலில் இருப்பதை என்னவென்று சொல்வது? "நேற்று ஒரு நகக்கலை செய்தேன்" என்று யாரும் பேசமாட்டார்கள். 'நக ஓவியம்' தூரிகை தொடுகிற வரைக்கும் சரி. கல் ஒட்டினால், அச்சு பதித்தால் அது ஓவியமா? 'உகிரோவியம்' மேல் எனக்கும் ஆசை உண்டு. மனித நகத்துக்கும் புலி நகத்துக்கும் பொதுவான சொல் உகிர்; மிருகம் ஏறும் நகத்துக்கு அதைவிடப் பொருத்தம் ஏது? ஆனால் 'நகமும் சதையும் போல' என்று பேசிப் பழகியவர்களுக்கு அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும். அடிக்குறிப்பு கேட்கிற சொல் கடைப்பலகையில் ஏறாது.

என் பரிந்துரை நகக்கோலம். கோலம் என்றால் வரைந்தது மட்டுமல்ல, புனைந்த தோற்றமும்தான், மணக்கோலம் என்கிறோமே. கல்லும் அச்சும் அதற்குள் அடங்கிவிடும். போடலாம், அழிக்கலாம், மறுபடி போடலாம். வினைச்சொல் தேடி அலைய வேண்டாம். பூச்சு காய்வதற்குள் கை எங்காவது இடித்துவிட்டால் அதற்கும் சொல் தயார்: அலங்கோலம்.

புள்ளியும் கோடும் கொண்ட கோலத்தில் மிருகம் எப்படி வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் போட்டதே புள்ளியும் கோடும்தான். 1934இல் பிரிட்டனின் டெய்லி மெயில் நாளிதழில் வந்த அந்த மிருகத்தின் படத்தில் தண்ணீருக்கு மேலே நீண்ட கழுத்தும் சிறிய தலையும் தெரியும். பொம்மை நீர்மூழ்கியில் தலையைப் பொருத்தி எடுத்த மோசடி அது என்பது 1994இல் அம்பலமானது. மோசடியானால் என்ன, ஒரு நகத்தின் நீளத்துக்கு அந்தக் கழுத்து கச்சிதம். மோதிர விரலில் வளைந்த ஒரே கோடு, நுனியில் ஒரு புள்ளி. மற்ற விரல்களில் பெரிய புள்ளி வைத்து, கீழ்ப்பாதியைத் தண்ணீர் நிறத்தால் மறைத்தால் திமில் ஆகிவிடும். தண்ணீருக்கு நீலம் மட்டும் எடுக்காதீர்கள். ஈரநிலத்தில் மட்கிய தாவரங்களின் சாயம் இறங்கி அந்த ஏரி கரும்பழுப்பாக இருக்கும். ஆழமோ 230 மீட்டர் வரை. அந்த இருட்டுக்குக் காந்தப்பூச்சு நல்லது. ஈரமாக இருக்கும்போதே காந்தத்தை அருகில் பிடித்தால் பூச்சில் கலந்த உலோகத் துகள்கள் ஒரு பக்கம் திரண்டு, மீதி இடம் கறுத்துவிடும்.

சரி, மான்ஸ்டர். 1933 மே மாதம் இன்வர்னஸ் கூரியர் செய்தித்தாள் அந்தச் சொல்லைப் போட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அரக்கன் என்றால் நமக்கு மீசையும் கதாயுதமும் கண்முன் வந்துவிடும். பூதமோ புதையல் காக்கப் போய்விடும். ஸ்காட்லாந்துக் கதைகளில் ஏற்கெனவே ஏரியில் வாழும் ஒரு நீர்க்குதிரை உண்டு, ஆனால் அது வேறு பிராணி. நான் யாளியைப் பிடித்துக்கொள்கிறேன். யாரும் நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் உருவம் எல்லோருக்கும் தெரியும். மான்ஸ்டர் கதையும் அதுதானே! 'நீர்யாளி' என்று எழுதிப் பார்த்தேன், நீர்யானையின் அச்சுப்பிழை போல இருந்தது. 'ஏரியாளி' என்று சேர்த்தால் உழைப்பாளி, அறிவாளி வரிசையில் போய் நிற்கிறது. ஆகவே பிரித்தே எழுதுவோம்: ஏரி யாளி. கனடாவின் ஒகனாகன் ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒகோபோகோவுக்கும் இது பொருந்தும்.

இன்னும் ஒன்று பாக்கி. காந்தப்பூச்சு என்பது நானாக வைத்த பெயர். கடைகளில் அது 'கேட் ஐ' என்றுதான் விற்கிறது. பூனைக்கண் பூச்சு என்றே வைத்துக்கொள்ளலாமா, இல்லை துகள்கள் திரண்ட இடத்தில் மின்னும் ஒளிக்கீற்று வைடூரியத்தில் தெரிவது போன்றது என்பதால் வைடூரியப் பூச்சு எனலாமா?