டெக்கன் 3 என்ற சண்டை வீடியோ கேம் உங்கள் கைக்கு எப்படி வந்தது?

2000-ஆம் ஆண்டு நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்போது பாளையங்கோட்டையில் எனக்கு டெக்கன் 3 என்றால் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறைதான். மூன்று டிவி, மூன்று பிளேஸ்டேஷன், உட்கார பிளாஸ்டிக் ஸ்டூல். அரை மணி நேரத்துக்கு 10 ரூபாய். கூட்டம் சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கு கிடையாது. ஆட்டத்துக்கு 2 ரூபாய், தோற்றவன் எழுந்து ஜாய்ஸ்டிக்கை அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். நாம்கோ என்ற ஜப்பான் நிறுவனம் இதை 1997-இல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரமாகத்தான் முதலில் கொண்டுவந்தது, பிளேஸ்டேஷனுக்கு வந்தது 1998-இல் என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். வீட்டில் உட்கார்ந்து ஆடுவதற்கென்று செய்த சிடியை நாங்கள் காசு கொடுத்து வரிசையில் நின்று ஆடியிருக்கிறோம்.

கடைக்கார அண்ணனிடம் இருந்த ஒரு பிளேஸ்டேஷன் நேராக வைத்தால் ஓடாது. தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். அந்தப் பழைய மாடல்களில் லென்ஸ் நகரும் பிளாஸ்டிக் தடம் தேய்ந்து லென்ஸ் சாய்ந்துவிடும், கவிழ்த்தால் மறுபடி படிக்க ஆரம்பிக்கும் என்று பின்னாளில் படித்தேன். அன்றைக்கு அதை அவருடைய கைராசி என்றே நம்பினோம். இரவு கடை அடைக்கும்போது, ஆடித் திறந்ததையெல்லாம் சேமித்து வைக்கும் மெமரி கார்டை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். நாங்கள் ஆடித் திறந்த வீரர்கள் ஓகர், ஹெய்ஹாச்சி, மொகுஜின் எல்லாரும் அந்தக் கார்டுக்குள்தான் இருந்தார்கள்.

அங்கே சந்தித்தவர்களில் மறக்க முடியாதவர், பக்கத்து சைக்கிள் கடையில் வேலை பார்த்த ஒரு அண்ணன். கையெல்லாம் கிரீஸ் இருக்கும். கைலியில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் ஜாய்ஸ்டிக்கைத் தொடுவார். ஆட்டத்தில் எப்போதும் பால் (Paul) என்ற வீரனைத்தான் எடுப்பார். நாங்கள் எடி என்ற வீரனை எடுத்துக்கொண்டு இரண்டு உதைப் பொத்தானையும் மாற்றி மாற்றித் தட்டுவோம். எடி தரையோடு தரையாகச் சுழல ஆரம்பித்தால் எதிரில் இருப்பவன் பதறிப்போவான். அந்த அண்ணன் பதற மாட்டார். குனிந்து தடுத்துக்கொண்டே இருப்பார். சுழற்சி எங்கே நிற்கிறதோ அங்கே ஒரே குத்து. பாதிக்குக் கிட்ட உயிர் போய்விடும்.

ஒரு மழை நாளில் கடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். என் கட்டைவிரலைப் பிடித்து, "கீழ, சாய்வா, முன்ன, அப்புறம் முக்கோணம்" என்று காட்டிக்கொடுத்தார். நான்கு பொத்தானும் நான்கு கைகால் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. சதுரம் இடக்கை, முக்கோணம் வலக்கை, பெருக்கல் குறி இடக்கால், வட்டம் வலக்கால். அதுவரை கண்ணை மூடிக்கொண்டு தட்டிய எனக்கு, திரையில் இருக்கும் ஆளின் உடம்பு அன்றுதான் என் கையில் வந்து சேர்ந்தது.

உங்களுக்கு டெக்கன் 3 எங்கே, யார் மூலம் கிடைத்தது? எழுதுங்கள்.

*

தம்பி, என் கதை உங்களுடையதற்கு நேரெதிர். நான் 1996-இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தேன். அடுத்த வருடம் மாமா எங்களைச் சவுத்எண்ட் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் ஆர்கேட் பெட்டியையே முதலில் கண்டேன். ஒரு ஆட்டத்துக்கு 50 பென்ஸ். சுற்றி நின்ற பெடியன்களோடு கதைக்கிற அளவுக்கு எனக்கு ஆங்கிலம் வராது. ஆனால் திரைக்குக் கீழே உள்ள விளிம்பில் காசை வைத்தால் அடுத்த முறை உனக்கு என்பது பார்த்தவுடனே விளங்கியது. நானும் வைத்தேன். ஒருவன் என்னை மூன்று தரம் வென்றான். நாலாம் தரம் லோ என்ற வீரனை வைத்து நான் வென்றபோது, அவன் தோளில் தட்டிவிட்டுத் தன் காசை எடுத்து எனக்காகப் போட்டான். அந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதம் அது. பெயர்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கான பதிப்பு ஐரோப்பாவுக்கு 1998 செப்டம்பரில் வந்தது. வாங்கிப் போட்ட உடனே நான் கவனித்தது பின்னணியைத்தான். ஆர்கேட் பெட்டிக்குள் இருந்தது சிஸ்டம் 12 என்ற பலகை. அது பிளேஸ்டேஷனை அடிப்படையாக வைத்துச் செய்தது, ஆனால் வேகம் கூடியது. அதிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது எதையாவது விட்டாக வேண்டும். ஆர்கேடில் முப்பரிமாணமாக நின்ற பின்னணி வீட்டில் தட்டைப் படமாகிவிட்டது. ஆட்களின் உருவத்திலும் வளைவு குறைந்து மூலைகள் தெரிந்தன. ஆனால் ஆட்டத்தின் ஓட்டத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த முடிவுக்காக நாம்கோவை இன்றைக்கும் மெச்சுவேன். சண்டை விளையாட்டில் கண்ணுக்குக் கொஞ்சம் குறையலாம், விரலுக்குக் குறையக்கூடாது. சவுத்எண்டில் பழகிய அடி ஒவ்வொன்றும் வீட்டிலும் விழுந்தது.

இன்னொன்று. ஆர்கேடில் மறைந்திருக்கும் வீரர்கள் பெட்டி ஓடுகிற காலத்தைப் பொறுத்துத் திறப்பார்கள். நாங்கள் போகும் நாளில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான். வீட்டில் ஒவ்வொருவரையும் நாமே விளையாடித் திறக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் முடிவில் ஒரு சின்னப் படமும் இருந்தது, ஆர்கேடில் இல்லாதது. விடிய விடிய இருந்து பார்த்தோம்.

*

கடைக் கதைகளைப் படிக்கப் படிக்க ஏக்கமாக இருக்கிறது. கோவையில் எங்கள் தெருமுனையிலும் ஒரு கேம் கடை இருந்தது. தம்பி உள்ளே போவான். நான் வாசலில் நின்று "அம்மா கூப்பிடுறாங்க" என்று சொல்லிவிட்டு, அவன் எழுந்து வருவதற்குள் தெரிகிற அளவுக்குத் திரையைப் பார்த்துக்கொள்வேன். பெண் பிள்ளை அந்த இருட்டு அறைக்குள் உட்காருவதை அந்தத் தெரு ஏற்காது.

2001-இல் துபாயிலிருந்து வந்த சித்தப்பா ஒரு பிளேஸ்டேஷன் கொண்டுவந்தார். முதல் ஒரு வாரம் எங்கள் டிவியில் எல்லாம் கருப்பு வெள்ளையாகத்தான் தெரிந்தது. அப்படியே ஆடினோம். பிறகு யாரோ சொல்லி டிவி மெனுவில் நிற அமைப்பை என்.டி.எஸ்.சி. என்று மாற்றியபோதுதான், எடி பச்சையும் மஞ்சளுமாக உடுத்தியிருப்பவன் என்று தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தம்பி ட்யூஷன் போகும் ஒன்றரை மணி நேரம் எனக்கு. பயிற்சிப் பகுதியில் ஸியாயுவை எடுத்து, அடிகளின் பட்டியலை ஒவ்வொன்றாக முடிப்பேன். கேளிக்கைப் பூங்கா கட்ட வேண்டும் என்ற ஆசையில் அத்தனை முரடர்களுக்கு நடுவே போட்டிக்கு வருகிற பெண் அவள். எனக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை. டெக்கன் ஃபோர்ஸ் என்று ஆட்டத்துக்குள்ளேயே தனியாக ஒரு பகுதி இருந்ததே, அதை மூன்று முறை முடித்து, நான்காவது முறை மறைந்திருக்கும் வீரரான டாக்டர் பாஸ்கோனோவிச்சைத் தோற்கடித்தால்தான் அவர் நமக்குக் கிடைப்பார். தெருவில் அவரைத் திறந்த முதல் மெமரி கார்டு என்னுடையது.

ஒரு சனிக்கிழமை அந்தக் கடையின் சாம்பியன் எங்கள் வீட்டுக்கு வந்தான், தம்பியின் வகுப்புத் தோழன். கிங் என்ற மல்யுத்த வீரனை வைத்துப் பிடித்துத் தூக்கி வீசியே எல்லாரையும் முடிப்பவன். முதல் சுற்றை இழந்தேன். இரண்டாவது சுற்றில் அவன் நெருங்கும்போதெல்லாம் ஸியாயுவைத் தரையோடு பதுங்க வைத்தேன். நின்றபடி பிடிக்கும் பிடி அப்போது காற்றைத்தான் பிடிக்கும். அவன் கை வெறுமனே மூடிய அந்த நொடியில் அடித்தேன். அந்தச் சுற்றும் அடுத்ததும் எனக்கு. அவன் கோபப்படவில்லை. ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, இன்னொரு தடவை மெதுவா செஞ்சு காட்டுங்க" என்றான். பிளஸ் டூ முடிக்கும்வரை சனிக்கிழமைதோறும் எங்கள் கூடத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் அம்மாதான் டீ போட்டுக் கொடுப்பார்.

*

நான் 2003-இல் பிறந்தவன், திருச்சி. எனக்கு இது போனில் எமுலேட்டர் வழியாக, அதாவது பிளேஸ்டேஷனைப் போல நடிக்கும் ஒரு செயலி வழியாக, வந்தது. கண்ணாடித் திரையில் குறுக்கே இழுப்பது சரியாக விழாது. அதனால் 300 ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக் வாங்கிக் கணினியில் போட்டேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "குடு" என்று வாங்கினார். யோஷிமிட்சு என்ற வாள்வீரனை எடுத்து, தன் வயிற்றிலேயே வாளைச் செருகி அதே வாளால் என்னையும் சாய்த்தார். அப்பா இதெல்லாம் ஆடுவார் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. அவர் காலேஜ் படித்த கதையை அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னார்.

*

எல்லாருக்கும் நன்றி. லண்டன் அண்ணா, விளிம்பில் காசு வைக்கும் வழக்கத்தைப் படித்ததும் சிலிர்த்தது. நாங்கள் டிவி மேல் 2 ரூபாய் நாணயத்தை வைப்போம். எங்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கோவை அக்கா, என் மகளுக்குப் பத்து வயது. அவளும் ஸியாயுவைத்தான் எடுக்கிறாள். அந்தப் பதுங்கலை எந்தத் தூரத்தில் தொடங்க வேண்டும் என்று கொஞ்சம் விரிவாக எழுத முடியுமா? இன்றிரவு அவளோடு உட்கார்ந்து பழகிப் பார்க்கிறேன்.