இடுப்புத் தசைநார் கிழிசல்: உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

கோட்டையூர் மகள்:
ஆத்தாவுக்கு 63 வயது. வலது இடுப்பின் வெளிப்பக்கம் கை வைத்தால் தட்டுப்படுமே ஒரு எலும்பு முட்டு, அதில் மூன்று வருஷமாக வலி. போன இடமெல்லாம் பர்சைடிஸ், அந்த முட்டின் மேலிருக்கும் நீர்ப்பை வீங்கியிருக்கிறது என்றார்கள். இரண்டு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், ஒவ்வொன்றும் இரண்டு மாதம் தாங்கியது. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. இதெல்லாம் இங்கே பலருக்கும் தெரிந்த கதைதான்.

என் மனசை விட்டுப் போகாதது மதுரையில் எம்.ஆர்.ஐ எடுத்த அன்று நடந்தது. ஸ்கேன் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். இடது பக்கம் தசைநார் கறுப்புக் கயிறு மாதிரி வந்து முட்டில் ஒட்டியிருந்தது. வலது பக்கம் அந்தக் கயிறு எலும்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது, நடுவில் வெள்ளையாக நீர். ஒரு காலில் நிற்கும்போது இடுப்பைச் சரியாமல் தாங்கும் தசை குளூட்டியஸ் மீடியஸ், அதன் நார் பிய்ந்து வந்துவிட்டது என்றார். அப்புறம் இன்னொரு படத்தில் மேலே தசைக்குள் ஓடும் வெள்ளைக் கோடுகளைக் காட்டினார். அது நீர் இல்லையாம், கொழுப்பு. கொழுப்பை அமுக்கி எடுக்கும் படத்தில் அந்தக் கோடுகள் கறுத்துவிடும், நீர் மட்டும் வெள்ளையாகவே நிற்கும், அப்படித்தான் பிரித்துச் சொல்கிறார்கள். இழுக்க ஆளில்லாமல் கிடந்த தசையில் கொழுப்பு ஏறிவிட்டது, தைத்தாலும் அது பழைய தசையாகத் திரும்பாது என்று அவர் சொன்னபோது ஆத்தா என் முகத்தைப் பார்த்தார்கள்.

உடனே அவரே ஆத்தாவை வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். பத்து நொடி இருக்காது, இடது இடுப்பு கீழே சரிந்தது, என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் ஒருவரும் இதைச் செய்யச் சொன்னதில்லை. வீட்டு வளவில், அந்த நடு முற்றத்தில், தூணைப் பிடித்துக்கொண்டுதான் ஆத்தா நிலைப்படி தாண்டுவார்கள். தினமும் பார்த்தேன், வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் ஆகி 14 மாதம். திறந்து, எலும்பில் நூல் கோத்த ஆங்கர் என்ற சின்ன முளை பதித்து, தசைநாரை இழுத்துக் கட்டினார்கள். ஆறு வாரம் வாக்கர். மூன்றாவது மாதம் ராத்திரி வலி போய்விட்டது. நடையில் சாய்வு மட்டும் இன்னும் இருக்கிறது. அந்த ஊசிகள்தான் அரித்துவிட்டன என்று நான் நம்புகிறேன்.

தேவகோட்டைக்காரன்:
எனக்கு நடந்தது பின்பக்கம், உட்காரும் எலும்பில். முகப்பில் தண்ணீர் தெளித்திருந்தார்கள், ஆத்தங்குடிக் கல் ஈரத்தில் எப்படி வழுக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு கால் முன்னால் போய்விட்டது, மறு கால் அங்கேயே. பட்டென்று ஒரு சத்தம், பட்டாலையில் உட்கார்ந்திருந்த அப்பச்சிக்கே கேட்டது, என்னடா உடைந்தது என்று எழுந்து வந்தார்கள். இன்றைக்கும் யாராவது அப்பளம் நொறுக்கினால் எனக்கு வயிறு கலங்குகிறது.

எக்ஸ்ரேயில் எலும்பு சரி, சுளுக்கு என்றார்கள். நாலு நாளில் பின்தொடை முழங்கால் வரை கறுநீலம். எண்ணெய் போட்டு நீவி ஒரு மாதம் போனது. அப்புறம் ஸ்கேன்: பின்தொடைத் தசைகளைப் பிடித்திருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் நார்கள் மூன்றும் எலும்பை விட்டு 4 செ.மீ. கீழே இறங்கியிருந்தன. முதல் இரண்டு மூன்று வாரத்தில் வந்திருந்தால் எளிது என்றார் சர்ஜன், என்னுடையது தழும்பாகி காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்போடு ஒட்டிக்கொண்டதால் நரம்பைப் பிரித்தெடுக்கவே நேரம் பிடித்ததாம். இப்போது நடக்கிறேன், மாடி ஏறுகிறேன். பந்தியில் தரையில் உட்கார்ந்தால் மட்டும் இலையில் பாயசம் வருவதற்குள் எழுந்துவிட வேண்டியிருக்கிறது.

புதுவயல் ராமு:
கோட்டையூர் தங்கச்சி, ஊசிதான் கிழித்தது என்று எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திரும்பத் திரும்பப் போட்டால் நார் பலவீனமாகலாம், அது சரி. ஆனால் இந்த நார் பெரும்பாலும் வயசோடு தேய்ந்து தானாகக் கிழிவது, 50 தாண்டிய பெண்களுக்குத்தான் அதிகம், ஊசியே பார்க்காதவர்களுக்கும் வருகிறது. வலியே இல்லாத ஆட்களின் ஸ்கேனில்கூடக் கிழிசல் தெரிவதுண்டு. என் வீட்டுக்காரிக்குப் பாதிக் கிழிசல், கத்தி வைக்காமலே ஒரு வருஷத்தில் சரியானது.

இதைப் படிக்கிறவர்கள் சிலதைக் கவனியுங்கள். வலிக்கிற பக்கம் படுக்காதீர்கள், மறு பக்கம் படுத்தாலும் முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள், மேல் கால் குறுக்கே விழுந்தால் நார் முட்டில் அழுந்தும். கால்மேல் கால் போடாதீர்கள். பால் காய்ச்சும்போது ஒரு பக்க இடுப்பைத் தள்ளிக்கொண்டு ஒரே காலில் பாரம் போட்டு நிற்பார்களே, அதை விடச் சொல்லுங்கள். வலிக்கிறது என்று காலைக் குறுக்கே இழுத்து நீட்டிவிடுவது நல்லதில்லை, ஃபிசியோ சொல்கிற மாதிரி தசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பளு ஏற்றுவதுதான் மருந்து. எக்ஸ்ரேயையும் தூக்கிப் போடாதீர்கள், முட்டின் விளிம்பு 2 மி.மீ.க்கு மேல் கரடுமுரடாக நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே ஓர் அடையாளம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் மூன்று கேள்வி கேளுங்கள்: பாதியா முழுசா, எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது, தசையில் கொழுப்பு எவ்வளவு. மூன்றாவதுதான் ஆபரேஷன் பலனைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

கோட்டையூர் மகள்:
அண்ணே, நான் ஆலோசனை கேட்கவில்லை. அந்த மூன்றாவது கேள்விக்குப் பதிலைத் திரையில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஊசி கிழித்ததோ இல்லையோ, வலியை மூடி வைத்து எங்களுக்கு நாளைக் கடத்தியது. ஒரு காலில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு ஊசி போட்டிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

பள்ளத்தூர் ஆச்சி:
இருவரும் கோபிக்காதீர்கள். எனக்கு 57. ஸ்கேனில் தசைநார் வீக்கம் என்று மட்டும்தான் வந்தது. எட்டு மாதம் பயிற்சி செய்தேன் ராமு, ஒரு நாள் விடவில்லை, குறையவில்லை. சர்ஜன் பழைய படங்களையே மறுபடி எடுத்துப் பார்த்து, மேல்பக்கம் நார் நன்றாக இருக்கிறது, எலும்பை ஒட்டிய அடிப்பக்கம் ஒரு வெள்ளை வரி ஓடுகிறது, அங்கே உரிந்திருக்கலாம் என்றார். சின்னத் துளை போட்டு கேமரா விட்டார்கள். மேலே முழுசாகத் தெரிந்த நாரை நீளவாக்கில் பிரித்துப் பார்த்தால் அடியில் பாதி பிய்ந்திருந்ததாம். வீடியோவை எனக்குக் காட்டினார். கொக்கி மாதிரி ஒரு கம்பி நாருக்கு அடியில் சுலபமாக நுழைந்துபோனது, அதைப் பார்த்துத்தான் அழுதேன். எட்டு மாதமும் எல்லாரும் என்னை வலி தாங்காதவள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தசையில் கொழுப்பு ஏறாததால் எனக்கு நன்றாகக் கூடிவிட்டது. ஆறு வாரம் ஊன்றுகோல், காலைப் பக்கவாட்டில் தானாகத் தூக்கக் கூடாது என்று கட்டளை. தங்கச்சி, ஆத்தாவுக்குத் திறந்து செய்தார்களே என்று வருத்தப்படாதே. துளையில் செய்தாலும் திறந்து செய்தாலும் வலியும் நடையும் தேறுவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் என் டாக்டரும் சொன்னார்.

இந்தத் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் காவடிகளோடு கிளம்பி முதல் பகல் மட்டும் நடந்தேன். சாயங்காலம் மகன் காரோடு வந்து நின்றான். பழனி வரை போக ஆசைதான், இந்த வருஷம் ஏறிக்கொண்டேன்.