டாக்டர் 15%னு எழுதிட்டார், நஷ்ட ஈடு அவ்வளவுதானா? அவசரம்

சக்கரை_டப்பா: அண்ணனுக்கு வேலையில கை மெஷின்ல மாட்டிருச்சு. விரல் எதுவும் போகல, மணிக்கட்டு மடங்கல. டாக்டர் ஊனம் 15%னு எழுதியிருக்கார். அந்தக் கணக்குதான் வரும், கையெழுத்துப் போடுன்னு மேனேஜர் நிக்கிறார். போடலாமா?

திருகாணி: என்ன மெஷின்? எப்ப நடந்தது? எழுதினது வைத்தியம் பார்த்த டாக்டரா, கம்பெனி அனுப்பினவரா?

மேற்கு_வாசல்: போடாதீங்க! அரசு ஆஸ்பத்திரியில மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்குங்க. 40% வந்துட்டா ஜெயிச்சாச்சு.

பழைய_குமாஸ்தா: நூறு தடவை எழுதியாச்சு, தேடிப் படிக்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை. அந்த 40% அரசு சலுகைக்கு. விபத்து 2025 நவம்பர் 21க்கு (புதுச் சட்டம் வந்த நாள்) முன்னாடின்னா 1923 தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம். உறுப்பு துண்டாப் போனா அட்டவணையிலேயே விகிதம் இருக்கு: கட்டைவிரல் 30, ஆள்காட்டி விரல் 14. அதுல இல்லாத காயம்னா, சம்பாதிக்கிற திறன் எவ்வளவு போச்சுன்னு டாக்டர் சொல்லணும். மணிக்கட்டு மடங்காத வாட்ச்மேன் வேலைக்குப் போயிருவான். லேத் ஓட்டுறவன்? வெறும் 'ஊனம் 15' அரைச் சீட்டு.

திருகாணி: 1975ல உச்ச நீதிமன்றத்துல ஒரு தச்சர் கேஸ்ல தீர்ப்பு வந்தது. இடது கை முழங்கைக்கு மேல போயிருந்தது. பகுதி இழப்புதான்னு முதலாளி வாதாடியும், ஒத்தைக் கையால தச்சு வேலை நடக்காதுன்னு 100% நின்னுது.

மேற்கு_வாசல்: அவருக்குக் கையே போச்சே. எப்படியும் வைத்தியம் பார்த்த டாக்டர் எழுதினாத்தான் செல்லும்.

பழைய_குமாஸ்தா: அப்படி எங்க எழுதியிருக்கு? தகுதி பெற்ற மருத்துவரா இருந்தாப் போதும். ஆனா நஷ்ட ஈட்டு வழக்கை விசாரிக்கிற ஆணையர் முன்னாடி வந்து குறுக்கு விசாரணைக்கு நிக்கணும். டாக்டர்கள் நழுவறது அங்கதான்.

ஊசிமுனை: எலும்பு வார்டு நர்ஸ் நான். ஓபியை விட்டுட்டுப் போற டாக்டரை வராந்தாவுல உட்கார வெச்சு, சாயங்காலம் 'வக்கீல் வரல'ம்பாங்க. நழுவாம? எங்க சார் கோனியோமீட்டர் வெச்சு எத்தனை டிகிரி மடங்குதுன்னு ரெண்டு கையையும் அளந்து எழுதுவார். வெறும் நம்பர்னா வக்கீல் கிழிச்சிருவார்.

மேற்கு_வாசல்: சீட்டுக்குக் காசு வாங்குறவங்களுக்கு வராந்தா ஒரு கஷ்டமா?

ஊசிமுனை: எல்லாரையும் சேர்த்துப் பேசாதீங்க.

திருகாணி: சண்டை அப்புறம். பதிவு போட்டவரே, சம்பளத்துல இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறாங்களா?

சக்கரை_டப்பா: ஆமா, பிடிக்கிறாங்க. லேத்துதான். 2025 ஜூலை.

பழைய_குமாஸ்தா: இதை முதல் வரியில சொல்ல என்ன? இஎஸ்ஐ இருந்தா 1923 சட்டத்துல முதலாளிகிட்ட கேக்க முடியாது. விகிதம் போடுறது இஎஸ்ஐ மருத்துவக் குழு. குறைச்சுப் போட்டா அப்பீல் உண்டு. மேனேஜர் காகிதத்தைத் தொடாதீங்க. கம்பெனியிலிருந்து விபத்து அறிக்கை போயிருக்கான்னு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துல கேளுங்க.

சக்கரை_டப்பா: கேட்டேன். அறிக்கையே போகலையாம். கையெழுத்துப் போடல. நன்றி.

மேற்கு_வாசல்: அந்தச் சான்றிதழையும் வாங்கி வெச்சுக்கோங்க.